இளையவன் அறைக்குள் புகுந்த கோடு

பெரிய மருமகள் மீது எனக்கு வெறுப்பு கிடையாது. நம்பிக்கையும் கிடையாது, அவ்வளவுதான். சரக்குக் கிடங்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சரிபார்க்காமல் ஒரு மூட்டையைக்கூட உள்ளே விட்டதில்லை.

வீட்டை இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுப்பதென்று முடிவானதும் வரைபடத்தை அவளே வரைவதாகச் சொன்னாள். கட்டட வரைபடம் கணினியில் போடுவதுதான் அவள் வேலை. "வெளியில குடுத்தா ஆயிரம் பேர் வாய்ல நம்ம வீடு விழும் மாமா" என்றாள். அது சரிதான். ஆனால் இடது பாதி அவள் புருஷனுக்கு. கத்தியும் அவள் கையில், பங்கும் அவளுக்கு என்றால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

அன்று மாலை இளையவன் மனைவியோடு வந்து படத்தைப் பார்த்துச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வழக்கு. எங்கள் பரம்பரையில் அண்ணன் தம்பி வழக்கென்று நீதிமன்ற வாசலை மிதித்தவன் ஒருவனும் இல்லை. அந்தக் கெட்ட பெயர் என் காலத்தில் வந்துவிடக்கூடாது. ஆகவே அவள் நாற்காலிக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றேன்.

"உக்காருங்களேன் மாமா, கால் வலிக்கப் போகுது."

"என் கால நான் பாத்துக்கிறேன். நீ கோட்டப் பாரு."

திரையில் கருப்பு, அதில் வெள்ளைக் கோடுகளாக என் வீடு. ஏதோ தட்டினாள், ஒரு கோட்டின் மீது அம்புக்குறியை வைத்து அழுத்தினாள். மாடிப்படிச் சுவர் சட்டென்று நீண்டது. நடுவில் நிற்காமல், இளையவன் படுக்கையறையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு வெளிச்சுவரில் போய் முட்டியது.

"என்னம்மா இது, நீண்டுக்கிட்டே போகுது?"

"எக்ஸ்டெண்ட் மாமா. எதுல போய் முட்டுதோ அதுவரைக்கும் நீளும். அப்புறம் வேண்டாத மிச்சத்த வெட்டி ட்ரிம் பண்ணிக்கலாம்."

அப்புறமாம். இந்த 'அப்புறம்' என்ற சொல்லில் எத்தனை மூட்டை காணாமல் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பார்சல்காரர் கதவைத் தட்டினார். அவள் எழுந்து போனாள். போகும்போது திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எதற்குப் பார்க்க வேண்டும்?

நான் உட்கார்ந்தேன். நாற்காலி தாழ்வாக இருந்தது. கூனிக் குறுகி உட்காருவது என் பழக்கமில்லை. பிடியை இழுத்து உயர்த்திக்கொண்டேன். ட்ரிம்முக்கு எந்த இரண்டு எழுத்தைத் தட்டுகிறாள் என்பதைக் காலையிலிருந்து பார்த்து வைத்திருந்தேன். தட்டினேன். எது இருக்க வேண்டுமோ அதைத் தொட்டுக் காட்டினால் மற்றது விழும் என்பது என் எண்ணம். கடையில் நமக்கு வேண்டியதைத்தானே விரல் நீட்டிக் காட்டுகிறோம்? இளையவன் படுக்கையறைச் சுவரைத் தொட்டேன்.

சுவர் போய்விட்டது.

பதறிப்போய்ப் பக்கத்துச் சுவரைத் தொட்டேன். அதுவும் போயிற்று. பெரியவன் கூடமும் இளையவன் படுக்கையறையும் ஒரே வெளியாகிவிட்டன. புகுந்த கோடு மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி அப்படியே இருந்தது. வாசலில் இளையவன் குரல் கேட்டது. எழுந்து ஜன்னலோரம் போய் விறைப்பாக நின்றுகொண்டேன்.

மூவரும் உள்ளே வந்தார்கள். சின்ன மருமகளின் கண்தான் முதலில் திரைக்குப் போனது.

"ஏங்க, நம்ம பெட்ரூமுக்குச் சுவரே காணோமே! அவங்க ஹால் நம்ம கட்டில் வரைக்கும் வந்திருச்சு. நான் அப்பவே சொன்னேன்ல?"

இளையவன் முகம் கறுத்தது. "என்ன அண்ணி இது? கேட்டிருந்தா குடுத்திருப்பேனே. இப்படியா எடுத்துக்கிறது? வக்கீலயே பாத்துக்கிறேன், விடுங்க."

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கால் தரைக்கு எட்டவில்லை. குனிந்து பாதத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கை தவறிடுச்சு தம்பி" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? என்னைக் கடனாளியாக்கவா? ஒரு கணம் அப்படியும் நினைத்தேன். எதற்காக இருந்தாலும் சரி. ஒரு பெண் திருட்டுப் பட்டம் சுமக்க, அவள் முதுகுக்குப் பின்னால் நான் நிமிர்ந்து நின்றால் அது நிமிர்வா?

"அந்தக் கை என்னோடது" என்றேன். "அவ எந்திரிச்சுப் போனப்ப நான் உக்காந்தேன். உன் அறைக்குள்ள ஒரு கோடு புகுந்திருந்துச்சு. அத வெட்டப் போயி உன் சுவர வெட்டிட்டேன்."

"நீங்களா? டிவி ரிமோட்டக்கூட அமுக்கத் தெரியாம என்கிட்ட நீட்டுவீங்களே!" இளையவன் வாய்விட்டுச் சிரித்தான்.

பெரியவள் விசையைத் தட்டினாள். ஒரு சுவர் வந்தது. மறுபடி தட்டினாள், மற்றதும் வந்தது. "ரெண்டு பங்கையும் பிரிக்கிற நடுச்சுவர் இன்னும் அதுவரைக்கும் வரல தம்பி. தடுக்க எதுவும் இல்லாம மாடிப்படிக் கோடு ஓடிருச்சு" என்றபடி நடுச்சுவரைக் கீழே நீட்டினாள். புகுந்த கோட்டின் மிச்சத்தைத் தொட்டாள். அது உதிர்ந்தது. "வேண்டாததத்தான் தொடணும் மாமா" என்றாள், திரும்பாமலே.

எல்லாம் முடிந்ததென்று நினைத்தேன். சின்னவள் முடியவிடவில்லை.

"வேற எதையாவது தொட்டீங்களா மாமா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சமையலறைப் பக்கம்?"

என் வீட்டில், என் முகத்தைப் பார்த்து ஒருத்தி கேட்கிறாள். வாழ்நாளெல்லாம் நான் மற்றவர்களைக் கேட்ட அதே குரலில். நான் முறைத்திருந்தால் அவள் வாயை மூடியிருப்பாள். இளையவன் பேனாவையும் மூடியிருப்பான்.

"ஒவ்வொரு சுவரா அளந்து பாருங்க. நான் இங்கேயே நிக்கிறேன்" என்றேன்.

அளந்தார்கள். பெரியவள் அளவைச் சொல்லச் சொல்ல, சின்னவள் அளக்கும் நாடாவோடு நிஜ அறைகளுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு முறையும் என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே கடந்தாள். கடைசிச் சுவரும் சரியாக இருந்த பிறகே இளையவன் கையெழுத்துப் போட்டான்.

பெரியவள் பிடியை இழுத்து நாற்காலியைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இப்பவாவது உக்காருங்க மாமா."

கால் உண்மையாகவே வலித்தது. உட்கார்ந்தேன்.