ஒரே ஒரு பைனாகுலர்

பைன்டேல் ஊரின் வேட்டைச் சாமான் கடையில் நானும் என் கணவன் லைலும் அந்தச் சனிக்கிழமை ஊர் வேடிக்கை பார்க்கச் சண்டை போட்டோம். கையில் இருந்தது முந்நூறு டாலர். அதில் பைனாகுலர் ஒன்று வாங்குவதா, இரண்டு வாங்குவதா? பிரச்சினை அவ்வளவுதான்.

"பன்னெண்டு மடங்கு பெருசா காட்டுமாம், நாடீன்! விலையும் கம்மி. ஆளுக்கு ஒண்ணு வாங்கிரலாம்."

"உன் கைக்கு காபிக் கோப்பையே நேரா நிக்காது. பன்னெண்டு மடங்குன்னா பன்னெண்டு மடங்கு ஆட்டந்தான் தெரியும்."

கடைக்காரர் ஆர்லோ சிரித்துக்கொண்டே இரண்டு பைனாகுலர்களை என் கையில் கொடுத்தார். "கடை லைட்ல எல்லாமே பளிச்சுனுதான் தெரியும்மா. வெளிய போய் இருட்டா ஒரு மூலையப் பாருங்க."

அந்தி நேரம். எதிரே டயர் கடையின் கொட்டகை. மலிவானதில் பார்த்தபோது கொட்டகைக்குள் கன்னங்கரேல் என்று இருந்தது. விலை கூடியது பத்து மடங்குதான் காட்டும், ஆனால் கண்ணாடி நல்ல கண்ணாடி. அதில் அதே இருட்டுக்குள் டயர் அடுக்கும், அதன்மேல் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்த பூனையும் தெரிந்தன. நாங்கள் வேட்டைக்குப் போகும் எல்க் மான் பட்டப்பகலில் வந்து போட்டோவுக்கு நிற்காது. விடிகிற நேரத்தில் மர நிழலை ஒட்டித்தான் நிற்கும். அந்தப் பூனையைப் பார்த்ததுமே நான் முடிவு பண்ணிவிட்டேன்.

"இது ஒண்ணு போதும்" என்றேன்.

"சரி தாயே, நீயே வச்சுக்கோ. பயந்தாங்கொள்ளிக்குத்தான் கண்ணு வேணும். எனக்கு துப்பாக்கி மேலயே தூரத்தக் காட்டற ஸ்கோப் இருக்கு."

"ஸ்கோப்ல வேடிக்கை பாக்காத, லைல். நீ எதைப் பாக்கறியோ அதுமேல குறியும் நிக்குது."

"பதினஞ்சு வருசமா வேட்டைக்குப் போறவனுக்கு நீ பாடம் எடுக்காத. சுடணும்னு முடிவு பண்ணாத வரைக்கும் நான் குண்டையே உள்ள தள்ள மாட்டேன்."

அது உண்மை. அந்த விஷயத்தில் அவன் ஒழுங்கு. ஆனாலும் போன வருடம் பக்கத்து மலையில் ஒருவன் தன் மச்சானையே எல்க் என்று நினைத்துச் சுட்டதிலிருந்து, வேட்டை மாதமான அக்டோபர் பிறந்தாலே எனக்குப் பயம்தான். அன்று அதையும் சொல்லியிருக்கலாம். புதுப் பைனாகுலர் கழுத்தில் தொங்கிய சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

வேட்டைப் பருவம் தொடங்கிய நாள், இருட்டோடு மலை ஏறினோம். நடுவில் ஒரு பள்ளம். அவன் இந்தச் சரிவில், நான் எதிர்ச் சரிவின் உச்சியில் பெரிய பாறைக்குப் பக்கத்தில். விடிந்து வெயில் ஏறும்வரை யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று பேச்சு. குளிர் எலும்பைக் குடைந்தது. ஆரஞ்சு மேலங்கிக்கு மேலேயே என் பழுப்புக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். மானில்லை, மனுஷன் என்று மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரிய, சட்டப்படி ஆரஞ்சு வெளியே இருக்க வேண்டும். வெளிச்சம் வந்ததும் கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் பின்னால் கிளை முறிந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு மூச்சு மாதிரி ஒரு சத்தம். அந்த மலையில் கிரிஸ்லி கரடி உண்டு. என் துப்பாக்கியில் குண்டை ஏற்றினேன். பேச்சாவது மண்ணாவது என்று குனிந்தபடியே சரிவில் இறங்கி, கீழே பைன் மரங்களின் ஓரத்தில் விழுந்து கிடந்த காய்ந்த மரத்தடியில் போய் ஒடுங்கினேன். கரடியோ என்னவோ, பின்னால் வரவில்லை.

வானம் சாம்பல் நிறமானது. பைனாகுலரை எடுத்து, பள்ளத்துக்கு அப்பால் அவன் இருந்த சரிவைத் துழாவினேன். லைல் தெரிந்தான். அடடா, என்ன துல்லியம்! அவன் தொப்பி, தாடி, மடியில் துப்பாக்கி. பயந்து கிடந்தவளுக்கு அவனைப் பார்த்ததும் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. அவன் என் பக்கம் திரும்பினான். துப்பாக்கியை எடுத்தான். என் பின்னால் எல்க் நிற்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

நீளமாகத் தெரிந்த துப்பாக்கி மெல்லத் திரும்பித் திரும்பிக் குட்டையானது. கடைசியில் அதற்கு நீளமே இல்லை. அவன் முகம் இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

என்னைத்தான் பார்க்கிறான். பாறையருகே இருக்க வேண்டியவள் இங்கே மர ஓரத்தில் இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. பார்க்கத்தானே செய்கிறான், குண்டு உள்ளே இல்லை, குண்டு உள்ளே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது அவன் வலது முழங்கை மேலே போய், பின்னால் போய், முன்னால் வந்து இறங்கியது.

குண்டை உள்ளே தள்ளிவிட்டான்.

கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அசைந்தால் மான் ஓடப்போகிறது என்று சுட்டுவிடுவான். அசையாவிட்டால் நிதானமாகவே சுடுவான். அம்மா, என் பிள்ளை இன்று பள்ளிக்கூடம் போவான், சாயங்காலம் யார் கூட்டி வருவார்கள் என்று ஓடியது புத்தி. மரத்துப்போன விரல்களுக்குப் பொத்தான் அகப்படவில்லை. இரண்டு கையாலும் கோட்டைப் பிடித்துக் கிழித்தேன். பொத்தான்கள் தெறித்தன. ஆரஞ்சு நெஞ்சைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடினேன்.

சத்தம் வரவில்லை. மீண்டும் பார்த்தபோது துப்பாக்கி தரையில் கிடந்தது. அவன் முழங்கால்களுக்கு நடுவே தலையைப் புதைத்திருந்தான்.

பள்ளத்தைத் தாண்டி அவன் வந்து சேர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. என்னைத் தொட வந்தவன் தொடாமலே நின்றான்.

"எல்க்னு நெனச்சேன்."

"கொம்பு பாக்காமயா?"

"இருந்துச்சு, நாடீன். எண்ணிப் பாத்தேன். ஒரு பக்கம் அஞ்சு கெளை."

திரும்பிப் பார்த்தேன். விழுந்து கிடந்த மரத்தின் காய்ந்த கிளைகள், நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே விரிந்து நின்றன. அவன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணுக்கு என் தலையில் கொம்பு முளைத்திருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வீட்டுக்குப் போகலாம். நீ முன்னால நட" என்றான், வழக்கம்போல.

அவன் துப்பாக்கிக்கு முன்னால் நடக்க எனக்குக் கால் எழவில்லை. அவன் தன் துப்பாக்கியில் குண்டை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றினான். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய். அதை என் கையில் வைத்துவிட்டு, தானே முன்னால் நடந்தான்.

பாதி மலை இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இருட்டில் கரடிக்குப் பயந்து ஏற்றிய குண்டு, என் துப்பாக்கிக்குள்ளேயே இருந்தது. நின்று, குழலைத் தரைக்குத் திருப்பி, போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தேன்.

முதுகுக்குப் பின்னால் குண்டு ஏற்றுவதுபோலக் கேட்ட அந்தச் சத்தத்தில் லைல் அப்படியே நின்றுவிட்டான். தோள்கள் காது வரை ஏறின. கைகள் உடம்பை விட்டு விலகின.

"குண்ட எடுக்கறேன், லைல்."

"தெரியும்" என்றான். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.