காவ்ரிலின் நாற்பது

இடுப்புக்கு மேலே ஆணி இறக்கியது போல வலி. குனிந்தால் நிமிர முடியவில்லை. மேல்மலையிலிருந்து வெடிப்பெட்டி மூடிகளை முதுகில் கட்டி இறக்கியதன் பலன். ஈயச் சுரங்கத்தில் கல் பொறுக்கும் இயந்திரப் பட்டையருகே சின்ன வயதிலிருந்து நின்றவள் நான், வலி எனக்குப் புதிதில்லை. அன்றைக்கு வலிக்குச் சம்பளம் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் ஊரில் ஒரு கலைப் பத்திரிகை தொடங்கினோம். நானும், கீழ்ப் பள்ளத்தாக்குக்குப் பஸ் ஓட்டும் கலோயனும். பெயர் ‘ஜிலா’. பாறைக்குள் ஓடும் ஈயக்கோட்டுக்கு அதுதான் பெயர், கையில் ஓடும் ரத்தக் குழாய்க்கும் அதே சொல்தான். பாட்டு, தறி, மரச்செதுக்கு என்று ரொடோப்பி மலையின் இந்தப் பக்கம் யார் எதைச் செய்தாலும் எழுதினோம். ஐந்து இதழ் வந்தது. வாங்கியவர்கள் சொந்தக்காரர்கள். படித்தவர்கள் அதில் பாதி.

ஆறாவது இதழ் காவ்ரில் சாவுஷெவுக்கு. சுரங்கத்தில் உதவியாளாகப் போய், வெடி வைப்பவராகி, வெடிக்கிடங்குக் காவலில் முடித்தவர். வெடி வைத்துவிட்டுப் புகை அடங்கக் காத்திருக்கும் நேரத்தில், விளக்குக் கரியை எச்சிலில் குழைத்து, கூட இருந்தவன் முகத்தைப் பெட்டி மூடியில் விரலால் வரைவாராம். மின்விளக்கு வந்த பிறகும் கரிக்காகவே பழைய விளக்கை வைத்திருந்தார். நாற்பது வருடம் இப்படி. ஒருவருக்கும் காட்டியதில்லை. இப்போது மேல்மலையில் ஆடுகளோடு தனியாக இருக்கிறார். ஊருக்குள் இறங்குவது அபூர்வம்.

நாங்கள் போனபோது மூடிகள் அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன. அடுப்பில் ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

“என்ன மாமா, இதையா எரிக்கிறீங்க?”

“பைன் பலகை புள்ள. முப்பது வருஷம் காஞ்சது. இதவிட நல்ல விறகு எங்க கிடைக்கும்?”

“முகம் இருக்கே அதுல.”

“முகம் குளிர் தாங்குமா?”

கலோயன் கெஞ்சினான். நான் கெஞ்சவில்லை, வாசகசாலைக் கூடத்தில் ஒருநாள் மாட்டி வைக்கிறோம், ஊர் பார்க்கட்டும் என்றேன். காவ்ரில் வெகுநேரம் தாடியைச் சொறிந்தார்.

“சரி. சனிக்கிழமை நானும் கீழ வரேன். ஊர் வந்து பாத்துச்சுன்னா பலகை உங்களுக்கு. வரலைன்னா திருப்பி மேல கொண்டாந்து அடுக்கிடணும். குளிர் வருது.”

“ஊர் வரும் மாமா.”

“உங்க பத்திரிகைக்கு வந்த ஊர்தானே?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குள் உட்கார்ந்துகொண்டது. பஸ் நிறுத்தத்தில் நோட்டீஸ் ஒட்டினால் யாரும் பார்க்கமாட்டார்கள், எங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஒரே ஒரு வகைக் காகிதத்தைத்தான் எல்லோரும் நின்று படிப்பார்கள்: சாவு நோட்டீஸ். கம்பம், கதவு, மரம், எல்லாவற்றிலும் அது இருக்கும். இறந்த அன்று, நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருடா வருடம். ரொட்டி வாங்கப் போகிறவர்கள் யார் போயிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குள் நுழைவார்கள். அச்சடித்து ஒட்டுகிறவர் பென்யோ.

அவரிடம் போனேன். “உங்க நோட்டீஸோட எங்களதையும் சேத்து ஒட்டுங்க. பதிலுக்கு எங்க பின்னட்டைல உங்க கடை விளம்பரம்.”

“சாவுக் கடைக்கு விளம்பரம் எதுக்கும்மா? எல்லாரும் ஒருநாள் என்கிட்டதான் வரணும்” என்றார். ஆனால் ஒத்துக்கொண்டார். காவ்ரில் படத்தையும், துண்டுக் காகிதத்தில் எழுதிய வாசகத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்: ‘காவ்ரில் சாவுஷெவ். நாற்பது வருடம். சனிக்கிழமை பதினொரு மணி, வாசகசாலை.’

சனிக்கிழமை காலை, மூடிகளை மாட்டி முடித்து, முதுகைப் பிடித்துக்கொண்டு ரொட்டிக்குப் போனேன். கடைக்கு முன்னால் கம்பத்தில் காவ்ரில். சுற்றிலும் கறுப்புக் கட்டம். மேலே சிலுவை. பெயருக்குக் கீழே: ‘நாற்பது நாள்.’

கிழிக்கக் கையை நீட்டினேன். யாரோ என் புறங்கையில் ஓங்கி அடித்தார்கள். ஸ்டமெனா. சுரங்கம் இடிந்தபோது புருஷனைப் பறிகொடுத்தவள்.

“செத்தவன் காகிதத்தைக் கிழிக்கிறியா? உங்கம்மா உனக்கு ஒண்ணுமே சொல்லித் தரலியா?”

“அக்கா, அவர் சாகல. மேல இருக்காரு, ஆட்டோட.”

“நோட்டீஸ்ல இருக்கு.”

“நேத்துதான் பாத்தேன்.”

“பென்யோ இதுவரைக்கும் யாரையும் தப்பா ஒட்டினதில்ல.” அவள் கண் கலங்கியிருந்தது. “நாப்பது நாளாச்சு. என் ஸ்டோயனோட ஒரே குழியில வேலை பாத்தவன். எனக்கு ஒருத்தர் சொல்லல பாரு. சாவுக் கோதுமை வேகவைக்கக்கூட நேரமில்ல.” வேகமாகப் போய்விட்டாள்.

பென்யோ கடைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால், அந்த முதுகோடு எப்படி ஓட முடியுமோ அப்படி.

“நாற்பது வருஷம்னு நீ தப்பா எழுதியிருந்தம்மா” என்றார் அமைதியாக. “போன வருஷம்கூடச் சந்தையில என் கண்ணு முன்னால பேன் சீப்பு வாங்கினான். எப்படி நாப்பது வருஷம் ஆகும்? அதான் நாள்னு திருத்திட்டேன். காசு வேணாம், விடு.” அதற்குள் ஊர் முழுக்க ஒட்டியாகிவிட்டிருந்தது.

பதினொரு மணிக்கு முன்பே காவ்ரில் வந்துவிட்டார். சலவை வாசம் அடிக்கும் கோட்டில், கூடத்தின் கோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

கதவு திறந்தது. திறந்தபடியே இருந்தது.

ஓய்வு பெற்ற சுரங்கக்காரர்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள், மூச்சு ஏறாமல் படியில் நின்று நின்று. பெண்கள் தட்டில் வேகவைத்த கோதுமை கொண்டு வந்தார்கள், மேலே சர்க்கரையும் அக்ரூட்டும் தூவி. மசூதி இருக்கும் பக்கத்து ஊர்ப் பெண்கள் அல்வா கொண்டு வந்தார்கள். கோயிலில் இல்லாமல் வாசகசாலையில் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. காவ்ரில் எப்போது கோயிலுக்குப் போனான்? எல்லோர் கையிலும் பூ, இரட்டைப்படையாக. செத்தவருக்கு இரட்டை, இருப்பவருக்கு ஒற்றை. எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

முன்னால் வந்த கிழவர் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்துவிட்டு நின்றார். பின்னால் வந்தவர்கள் அவர்மேல் மோதி நின்றார்கள்.

“நீ இருக்கியா?”

“இருக்கேன்” என்றார் காவ்ரில்.

“நாப்பது நாளாச்சாமே.”

“எனக்கும் இப்பத்தான் தெரியும்.” யாரோ நீட்டிய தட்டிலிருந்து ஒரு கரண்டி கோதுமையை வாயில் போட்டு, சாவுச்சோறு வாங்குகிறவர்கள் சொல்வது போலவே “கடவுள் மன்னிக்கட்டும்” என்றார். “ஆனா சர்க்கரை கம்மி. என் சாவுக்காவது கை தாராளமா இருக்கக் கூடாதா?”

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அப்போதுதான் அவர்கள் சுவரைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தை எழுத எனக்குத் திறமை போதாது. நான்கு சுவரிலும் மூடிகள். ஒவ்வொன்றிலும் கரியில் ஒரு முகம், கீழே நிலத்தடியில் இருந்தபடி: தலைக்கவசத்தின் நிழல், பல்லின் வெள்ளை, பயமா களைப்பா என்று சொல்ல முடியாத கண்கள். கல்யாணப் படத்தில் இருக்கும் முகமில்லை. வீட்டுக்கு வரும்போது கழுவிவிட்டு வரும் முகமுமில்லை. அவர்களுடைய பெண்டாட்டிகள் ஒருநாளும் பார்த்திராத முகம். ‘ஆபத்து’ என்று முத்திரை குத்திய பலகையின் மேல்.

“டச்சோ” என்றது ஒரு குரல், பெயர் மட்டும். அப்புறம் இன்னொரு பெயர். பெயர் சொன்னார்கள், அவ்வளவுதான். சுரங்கத்துக்குள் இறங்கும்முன் ஆள் கணக்கெடுக்கும் சத்தம் அப்படித்தான் இருக்கும். சுவரில் என் அப்பாவும் இருந்தார், அவர் பெயரை நானே சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பிறகு டச்சோவின் பெண்டாட்டி தன் பூங்கொத்திலிருந்து ஒரு பூவை உருவினாள். மிச்சத்தை, இப்போது ஒற்றைப்படையாகிவிட்டதை, காவ்ரிலின் மடியில் வைத்தாள். உருவிய பூவை டச்சோ படத்துக்குக் கீழே. அவளைப் பார்த்து அடுத்தவள். அடுத்தவள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காவ்ரில் பூவுக்குள் மறைந்துபோனார், தாடி மட்டும் தெரிந்தது. சுவரோரம் ஒரு கிழவி நடந்து நடந்து பார்த்தாள்: “இங்க ஒத்தையா கிடக்கு, இன்னொண்ணு வைங்கடி. செத்தவன் இவன்.”

ஸ்டமெனாவும் ஒரு பூவை உருவிக்கொண்டாள். முதல் சுவர், இரண்டாவது, மூன்றாவது. நான்காவது சுவரும் முடிந்து மறுபடி கதவுக்கே வந்தாள். பூ கையிலேயே இருந்தது.

“ஸ்டோயனை வரையலியா?”

காவ்ரில் பூக்களை விலக்கி அவளைப் பார்த்தார். “வரைஞ்சேன். போன குளிருக்கு அடுப்புக்குப் போச்சு.”

“நல்லா எரிஞ்சுதா?” என்றாள் ஸ்டமெனா.

“நல்லா எரிஞ்சுது.”

“எரிவான். கோவக்காரன்.” பூவைத் தன் கோட்டுப் பொத்தானில் செருகிக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள். “நீதானே பத்திரிகைக்காரி. எனக்கு அவன் முகம் வேணும். எப்படிக் குடுப்பியோ தெரியாது.”

தருகிறேன் என்றேன்.

மூடிகள் எங்களுக்கு வந்தன. காவ்ரில் ஒற்றைப் பூக்களை மட்டும் மேலே கொண்டுபோனார், ஆடுகள் தின்றன என்று பிறகு சொன்னார். ஆறாவது இதழுக்கு ஆள் மேல் ஆள் வந்து நின்றது. ஒவ்வொரு முகத்துக்கும் ஊரே கதை சொன்னது, நாங்கள் எழுதினோம். ரொட்டிக்கடை இதழை ரொட்டியோடு வைத்து விற்கிறது. கலோயன் பஸ்ஸில் கட்டு கட்டாகக் கீழே போகிறது. மசூதி ஊர்ப் பெண்கள் தங்கள் நெசவுப் பாட்டுகளை அவர்களே எழுதி அனுப்புகிறார்கள், ஒரு எழுத்தையும் மாற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு. பென்யோ அச்சடிக்கிறார். எதையும் திருத்தமாட்டேன் என்று எங்களிடம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு பேர் போட்ட பத்திரிகையை இப்போது நான்கு பள்ளத்தாக்கு போடுகிறது. நினைத்தால் எனக்கு இன்றும் நம்பிக்கை வருவதில்லை.

காவ்ரில் ஸ்டோயனை வரைய உட்கார்ந்தார். பலமுறை. “இருட்டுல பாத்த முகம் புள்ள. வெளிச்சத்துல வரமாட்டேங்குது” என்கிறார். குழிக்குள் இறங்கலாம் என்றால் அது தண்ணீரில் நிறைந்து கிடக்கிறது. ஸ்டமெனா கல்யாணப் படத்தைத் தரவில்லை, அது அவனில்லையாம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ரொட்டிக்கடையில் என்னைப் பார்க்கிறாள். பூ செருகிய அந்தப் பொத்தானைத் தொட்டுக் காட்டுகிறாள்.

ஸ்டமெனாவுக்கு ‘ஜிலா’ தரவேண்டிய முகம் ஒன்று பாக்கி.