டேப் ஒட்டிய பொத்தான்

விபத்தை விசாரிக்க வந்த தொழிற்சாலை ஆய்வு அதிகாரி பச்சைப் பொத்தானின் மேலிருந்த டேப்பை நகத்தால் கீறிப் பார்த்தார். உரிந்து வரவில்லை. அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது. அட்டை வெட்டும் அந்த இயந்திரத்துக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டு கைகளாலும் ஒருசேர அமுக்கினால்தான் கத்தி இறங்கும். கைகள் பொத்தானில் இருக்கும்வரை விரல்களுக்கு ஆபத்தில்லை. ஒன்றை டேப் போட்டு அமுக்கியே வைத்துவிட்டால் அட்டையைத் தள்ள ஒரு கை மிச்சமாகும். அப்படித் தள்ளிய கையில்தான் பீமனுக்கு விரல்கள் போயின. ஊதினால் பறந்துவிடுவான் போலிருப்பான். அதனாலேயே பட்டறையில் அவனுக்கு அந்தப் பெயர்.

பட்டறையை நடத்துவது என் மகன். உரிமம் மட்டும் இன்னும் என் பெயரில். காலையில் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

“அவசர ஆர்டர்ப்பா. வேகம் வேணும்னு நான்தான் ஒட்டச் சொன்னேன். நீங்க, அவனாவே ஒட்டிக்கிட்டான்னு சொல்லிடுங்க. உங்க வார்த்தைக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க.”

“இதுக்காகவாடா என் வார்த்தைய இத்தனை நாள் காப்பாத்தினேன்?”

“குடும்ப மானம்ப்பா.”

அந்தச் சொல்லை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் பீமன் எழுந்து கும்பிடப் பார்த்தான். ஒரு கைதான் மேலே வந்தது. “இனிமே அரை பீமன்தாங்கய்யா” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“ஐயா, இதை ஒட்டினது யாரு?” அதிகாரி கேட்டார்.

“வேலை செய்றவங்கதான் சார். சொன்னா எங்க கேக்கறாங்க?” என்றான் மகன், என் பின்னாலிருந்து.

“நான் பெரியவரைக் கேட்டேன்.” அவர் என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “யார் ஒட்டியிருந்தாலும் தொழிலாளியோட பாதுகாப்பு உங்க பொறுப்புதான்யா. அவரா ஒட்டியிருந்தா நீங்க பாத்துத் தடுத்திருக்கணும். அதுக்கு அபராதம். ஒட்டச் சொன்னதே நீங்கன்னா, கோர்ட்டுக்குப் போகும்.”

மகன் இருமினான். சின்ன வயதில் பயந்தால் இப்படித்தான் இருமுவான். அவனைக் கூண்டில் நிறுத்த எந்தத் தகப்பனுக்கு நாக்கு வரும்? ஆனால் என் கூரைக்கு அடியில் விரல்களை இழந்தவன் மேலேயே பழியையும் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு எந்த முகத்தோடு நான் நிமிர்ந்து நடப்பது?

“என் மகன் ஒட்டச் சொன்னான்,” என்றேன். “உரிமம் என் பேர்ல இருக்கு. ரெண்டு பேரையும் எழுதிக்குங்க.”

வெளியே வந்தபோது மகன் காரைக் கிளப்பியிருந்தான். கதவைத் திறக்கக் கை நீட்டினேன். வண்டி நகர்ந்தது. பட்டறை வாசலில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கார் கிளப்பிய புழுதிக்குள் நடந்தேன். வீடும் அந்தப் பக்கம்தான்.