உச்சிக்குள் ஒரு வாய்ச் சோறு

தோல் பதனிடும் ஷாப்பின் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதுவதற்குள் ஒரு துறவிக்குச் சோறு போட்டாக வேண்டும். மா ஷ்வேக்கு அன்றைக்கு வேறு நினைப்பே இல்லை. நாலு வயசு மகன் அருணகிரி பேதியில் போய் அன்றோடு ஏழாம் நாள். பர்மாவில், அவள் பிறந்த ஊரில், செத்தவர்களின் உயிர் ஏழு நாள் வீட்டையே சுற்றும் என்பார்கள். ஏழாம் நாள் உச்சிக்குள் துறவி ஒருவர் வந்து சாப்பிட்டால்தான் அதற்கு வழி திறக்கும். இல்லாவிட்டால் காலமெல்லாம் வாசலில் நின்று ஏங்கும். பசி என்றால் ஒரு நிமிஷம் பொறுக்காத பிள்ளை அவன். அவனையா அப்படி நிற்க விடுவாள்?

ஆதிகேசவன் ரங்கூன் அரிசி மில்லில் வேலை பார்த்தபோது அவளைக் கட்டிக்கொண்டவன். அங்கே கலவரம் வெடித்ததும் பெண்டாட்டி பிள்ளையோடு கப்பலேறி ஆம்பூருக்கே திரும்பிவிட்டான். மாமியார் கெங்கம்மாள் அவளுக்கு ராஜம்மாள் என்று பேர் மாற்றினாள், புடவை கட்டிவிட்டாள். மா ஷ்வே எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இந்த ஒன்றுக்கு மட்டும் ஆட்ட முடியவில்லை.

காலையில் புருஷனிடம் கெஞ்சிப் பார்த்தாள். "அதெல்லாம் இங்க நடக்காது ராஜம்மா, ஊரு சிரிக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் தோல் ஷாப் வேலைக்குப் போய்விட்டான். சிரிக்கட்டுமே! ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

திருவண்ணாமலைக்குப் போகிற பண்டாரம் ஒருவர் கடைத்தெருவில் உட்கார்ந்திருந்தார். காவியும் துறவுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு அவர் காலில் விழுந்தாள்.

"சாமி, எங்க வூட்ல வந்து சாப்புடணும்."

"இன்னாம்மா விசேஷம்?"

"எம் புள்ள செத்துட்டான் சாமி."

பண்டாரம் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். "அடிப்பாவி! தீட்டு வூட்டுக்கா சாப்புடக் கூப்புட்ற? அங்க எவன் கை நனைப்பான்?"

அவளுக்கு விளங்கவே இல்லை. அவள் ஊரில் சாவு வீட்டுக்குத்தான் துறவிகள் முதலில் வருவார்கள். பிள்ளை போன வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் பாவமாம், இதென்ன ஊரோ!

வீட்டுக்கு ஓடி வந்தாள். அருணகிரிக்குப் பிடித்த வெல்லச் சோறு ஆறிக் கிடந்தது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவள் ஊரில் பெண்களும் தலையை மழித்துத் துறவு கொள்வதுண்டு. ஒருத்தரும் வரமாட்டார்களென்றால் தானே துறவியாகிவிட வேண்டியதுதான். புருஷனின் சவரக்கத்தியை எடுத்தாள்.

அரைகுறை மொட்டையில் ரத்தம் கசிய, மஞ்சளில் முக்கிய புடவையைச் சுற்றிக்கொண்டு, மண்சட்டியோடு வாசலில் வந்து உட்கார்ந்தாள். பார்த்த கெங்கம்மாள் வயிற்றிலடித்துக்கொண்டாள்.

"ஐயையோ! எம் புள்ள உசுரோட இருக்கும்போதே மொட்டை அடிச்சிக்கினாளே! தாலிய அறுத்துட்டுத்தான் வுடுவாளா?"

வெறும் வாயை மெல்லுகிற தெருவுக்கு அவல் கிடைத்தது. கூட்டம் கூடிவிட்டது. யாரோ போய்ச் சொல்ல, ஆதிகேசவன் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்பு ஒட்டிய கையோடு ஓடி வந்தான்.

மா ஷ்வே சட்டியை நீட்டினாள். "நான் இப்ப உங்க பொண்டாட்டி இல்ல, சாமியாரு. சோறு போடுங்க. சங்கு ஊதிடும்."

அவன் தெருவைப் பார்த்தான். உடம்பு கூசியது. அவள் தலையிலிருந்த வெட்டுக்காயங்களைப் பார்த்தான். அதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வெல்லச் சோற்றையும் அகப்பையையும் எடுத்து வந்தான்.

"டேய், போட்டியானா நான் உனக்கு ஆத்தா இல்ல!"

"சும்மா இரும்மா. செத்தது எம் புள்ள."

சட்டியில் சோற்றைப் போட்டான். அவள் வாய்க்குள் ஏதோ மந்திரத்தைச் சொல்லிக்கொண்டு வேகவேகமாகச் சாப்பிட்டாள். கண்ணீரும் சோறும் சேர்ந்தே இறங்கின. கடைசி வாய்ச் சோற்றைக் கையில் எடுத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"ஷ்வே, முழுங்கிடு" என்றான் அவன். ஆம்பூருக்கு வந்த பிறகு அந்தப் பேரைச் சொல்லி அவன் கூப்பிட்டதே இல்லை. "சங்கு ஊதப் போவுது."

"இது உள்ள போச்சின்னா அவன் வெளிய போய்டுவான்" என்றாள் அவள்.

அவன் அவள் கையைப் பிடித்துத் தூக்கி, அந்தச் சோற்றை அவள் வாயிலேயே வைத்தான். சங்கு ஊதத் தொடங்கியது. ஊதி ஓயும்வரை அவள் அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.