பெரட்டில் கூப்பிடாத பெயர்

விடிந்தும் விடியாத நேரத்தில் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கூடையும் மட்டக்கம்புமாக பெரட்டுக்களத்தில் வந்து நின்றார்கள். கங்காணி கணபதி பெயர் கூப்பிட வேண்டும், கூப்பிட்டவள் குரல் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அவளுக்கு அன்றைக்கு வேலை.

சிவசக்தியும் வந்திருந்தாள். உதட்டில் தையல், இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது. பக்கத்தில் நிற்பதா, தள்ளி நிற்பதா என்று அவளுடைய அண்ணி விஜயலெட்சுமி தடுமாறினாள். கடைசியில் தள்ளியே நின்றாள்.

முந்தின வாரம் லுணுகலைக் கடைக்குப் போய்விட்டுப் பொழுதுபடத் திரும்பிய சிவசக்தியை, குறுக்குப் பாதையில் கங்காணியின் மகன் ரமேஸ் தேயிலைக்குள் இழுத்துப் போட்டான். கல்லால் முகத்தில் அடித்தான். அவள் அவன் கையைச் சதை பிய்யக் கடித்துவிட்டு உருண்டு தப்பினாள். இரத்தம் வழிய வழியப் பொலிஸுக்குப் போய் முறைப்பாடும் கொடுத்தாள்.

அடித்தவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. லயத்து வீடுகள் அத்தனையும் கூடி இவளைத்தான் கேட்டன. இருட்டுகிற நேரத்தில் எதற்குத் தனியாக வந்தாள், எதற்கு அந்தக் கால்சட்டை, யாரிடம் சிரித்துப் பேசினாள். நடத்தை கெட்ட ஆடுகாலி என்று பெயரும் வைத்தாகிவிட்டது. முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லி அண்ணன் தியாகு அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். விஜயலெட்சுமி தடுக்கவில்லை. அது போதாதென்று, ஒற்றையில் வந்தால் இப்படித்தான் என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள். சுவரில் பட்ட இரத்தத்தை, கறை போன பிறகும் அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

கணபதி சிவசக்தியின் பெயரைக் கூப்பிடாமலே தாண்டிப் போனார். அவள் முன்னால் வந்து காரணம் கேட்டாள்.

"ஆடுகாலிக்கு இங்க பேரு கெடையாது. கேஸ வாபஸ் வாங்கிட்டு வா, கூப்புடுறேன்."

களத்தின் மறுபக்கம் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். தியாகு மட்டும் தரையைப் பார்த்தான். கங்காணி அடுத்ததாக விஜயலெட்சுமியைக் கூப்பிட்டார்.

வந்திருக்கேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை கிடைக்கும், வீட்டில் உலை கொதிக்கும். ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

"ஆடுகாலி வந்திருக்கேன்."

சிரிப்பு நின்றது. கணபதி மேட்டிலிருந்து இறங்கி வந்து ஓங்கி அறைந்தார். மூக்கு உடைந்து இரத்தம் சேலையில் கொட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"நல்லா அடிங்க. நான் வயசுக்கு வந்த புதுசுல அதே பாதையிலதான் என்னையும் இழுத்தாங்க. பட்டப்பகல். பாவாட தாவணிதான் போட்டிருந்தேன். கூட வந்த எங்கம்மாவ அடிச்சுப் போட்டுட்டுத்தான் இழுத்தாங்க. வாயத் தொறந்தா ஆடுகாலிம்பீங்கன்னு இன்னைக்கு வரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லல. இப்ப நானே அந்தப் பேர வச்சுக்கிட்டேன். இனி என்ன சொல்லி மெரட்டுவீங்க?"

கங்காணியின் கை மறுபடியும் ஓங்கியது. அதற்குள் செடியை மட்டம் பார்க்கும் கம்பு ஒன்று அவர் மணிக்கட்டில் விழுந்தது. வீசியவள் ராசம்மா, கணபதியின் கூடப்பிறந்த தங்கச்சி.

"என்னையும் அப்புடியே கூப்புடுங்கண்ணே," என்றாள்.

பிறகு ஒவ்வொருத்தியாக அந்தப் பெயரைத் தனக்கும் சொல்லிக்கொண்டு கூடையை இறக்கி வைத்தார்கள். அப்பாவுக்கு உதவியாகக் கத்தியோடு ஓடிவந்தான் ரமேஸ். அத்தனை கம்புகளும் அவன் மேல் விழுந்தன. தலை பிளந்து அவன் மண்ணில் புரண்டபோது, தடுத்தது சிவசக்திதான்.

"போதும் விடுங்க. அவன் கோட்டுக்கு வரட்டும்."

விஜயலெட்சுமி நாத்தனாரிடம் போய் அவள் தோளை அணைத்துக்கொண்டாள். இத்தனை நாள் தானும் ஊரோடு சேர்ந்து பேசியது அவளைச் சுட்டது. தியாகுவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"இவ எதுக்கு அந்த வழியா வந்தான்னு இனி யாரும் கேக்காதீங்க. அது எங்க வீட்டுக்குப் போற வழி. அவன் எதுக்கு அங்க நின்னான்னு கேளுங்க."

கொழுந்து முற்றுகிற காலம். பெண்கள் மலைக்கு ஏறாவிட்டால் தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கணபதி. வீங்கிய மணிக்கட்டோடு பெயர்ப் பட்டியலைத் திரும்பப் புரட்டினார். பிறகு, "சிவசக்தி," என்று கூப்பிட்டார்.

தையல் பிரிந்து இரத்தம் கசிந்த உதட்டோடு, களம் முழுக்கக் கேட்கும்படி, வந்திருக்கேன் என்றாள் அவள்.