இருப்பதே தெரியாத லேபிள்

பசீர் அகமது பனியனை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித்தான் போடுவார். வேலம்பாளையத்தில் இது ஊரறிந்த சங்கதி. தறி ஓடும் சூட்டில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவர் நிற்கும்போது, புதிதாக வந்த யாராவது, "அண்ணா, பனியனைத் திருப்பிப் போட்டுட்டீங்களாட்ட இருக்குது" என்று சொல்லி மாட்டிக்கொள்வார்கள். அதற்காகவே காத்திருந்தவர் போல, "லேபிள்காரன் லேபிளை வெளிய காட்டாம வேற எவன் காட்டறது?" என்பார். இருபத்தாறு வருஷமாக இதே ஜோக்குதான். பழகினவர்களுக்குப் புளித்துப்போய்விட்டது. இருந்தாலும் மனுஷன் நல்லவர், சிரித்து வைப்பார்கள்.

பனியன், டீசர்ட், குழந்தைச் சட்டை எதுவானாலும் கழுத்துக்குப் பின்னால் ஒரு துண்டு தைத்திருக்குமே, அந்த லேபிளை நெய்வதுதான் அவர் தொழில். நான்கு தறி. மகள் பிறந்த வருஷம் கம்பெனிக்கு 'மஹ்னூர் லேபிள்ஸ்' என்று பேரை மாற்றினார். லெட்டர்பேடில் பேருக்குக் கீழே பச்சை எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'இருப்பதே தெரியாது!' அவரே யோசித்து எழுதிய வரி. அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

அந்த மஹ்னூருக்கு இப்போது ஏழு வயது. லேபிள் என்றால் அவளுக்கு ஆகாது.

லேபிள் மட்டுமா? சாக்ஸ் போட்டால் விரல்நுனியில் வரும் தையல் ஆகாது. பெருநாளைக்கு எடுத்த ஜிகினா வைத்த பாவாடையை ஐந்து நிமிஷத்தில் அவிழ்த்துப் போட்டுவிட்டு, உள்பாவாடையோடு சொந்தக்காரர்கள் நடுவே உட்கார்ந்து பிரியாணி தின்றாள். வீட்டில் அவள் போடுவதெல்லாம் அத்தாவின் பழைய பனியன்கள்தான். துவைத்துத் துவைத்துத் தாளாய்ப் போனவை. அதையும் திருப்பித்தான் போட்டுக்கொள்வாள். பசீர் அகமது அதைப் பார்த்துப் பூரித்துப்போவார். "பாருங்க, எம்புள்ள என்னையே காப்பியடிக்குது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

மற்றதற்கெல்லாம் அவர் கணக்கில் ஒரே பேர்தான். அடம்.

"அடம் இல்லீங்க. அவளுக்கு நெசமாலுமே குத்துது" என்பாள் அவர் மனைவி ஷமீமா.

"துணி எப்படிக் குத்தும்? முள்ளா அது?"

"அடம்னே வெச்சுக்கங்க. யாருகிட்டயிருந்து வந்ததுன்னு யோசிங்க" என்று சொல்லிவிட்டு, கொடியில் காயும் அவர் பனியன்களை ஒரு பார்வை பார்ப்பாள். எல்லாம் திருப்பியபடியே காயும். அவருக்கு அந்தப் பார்வை புரியாது. அல்லது புரியாத மாதிரி இருக்கப் பழகிவிட்டார். தன்னுடைய நிக்காஹ் அன்று, அதற்கென்றே தைத்த கோட்டைப் பத்தே நிமிஷத்தில் கழற்றி மச்சான் கையில் கொடுத்தவர் அவர். 'புழுக்கமுங்க' என்றார். மார்கழி மாசம் அது.

கோயமுத்தூர் டாக்டரம்மா ஒருத்தரிடம் ஷமீமாதான் அவரையும் இழுத்துக்கொண்டு பிள்ளையைக் கூட்டிப்போனாள். அந்தம்மா மஹ்னூரோடு அரைமணி நேரம் விளையாடிவிட்டு, "இது நோயில்லைங்க, வீம்பும் இல்லை. நமக்கு ரேடியோ மெதுவாப் பாடுது, இவளுக்கு அதே பாட்டு ஃபுல் சவுண்டுல கேக்குது. தோல்ல படறதெல்லாம் அப்படித்தான். லேபிள் இல்லாத மெத்துன்னு துணியா போட்டு விடுங்க" என்றார்.

பசீர் அகமதுவுக்கு அந்த 'லேபிள் இல்லாத' என்ற சொல்தான் சுருக்கென்றது. திரும்பி வரும் வழியில் அவிநாசி தாண்டினதும், "அந்தம்மாவுக்கு நம்ம தொழில் என்னன்னு நீ சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

இதெல்லாம் வீட்டோடும், துவைத்து மெத்தென்றான பழைய யூனிபார்மோடும் இருந்தவரை சமாளித்தார்கள். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்ததும் வந்தது வினை. அந்த வினையைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தவர் வேறு யாருமில்லை, பசீர் அகமதுவேதான்.

போன வருஷம் பெற்றோர் கூட்டத்தில், விளையாட்டுப் பீரியடில் சட்டைகள் மாறிப்போகின்றன என்று யாரோ குறைப்பட்டார்கள். இவர் எழுந்தார். ஒவ்வொரு சட்டையிலும் கழுத்துக்குப் பின்னால் பள்ளிச் சின்னம், பேர், வகுப்பு எல்லாம் நெய்த ஒரு லேபிள் தைத்துவிட்டால் சட்டை எப்படித் தொலையும் என்று கேட்டார். நாலு பக்கமும் தைத்துவிட வேண்டும், அப்போதுதான் பிள்ளைகள் பிய்க்க முடியாது என்றார். காலையில் கேட்டில் வைத்தே பி.டி. மாஸ்டர் காலரைத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்றார். "கழுத்துல இருக்கறதே தெரியாதுங்க" என்று முடித்தார். கைதட்டினார்கள். ஆர்டர் அவருக்கே வந்தது. சந்தோஷத்தில் சின்னத்தைச் சுற்றித் தங்க ஜிகினா நூலில் ஒரு வளையம் வேறு போட்டுக் கொடுத்தார். அதை யாரும் கேட்கவில்லை.

பாலியஸ்டர் லேபிளைச் சூடான கத்தியில் வெட்டுவார்கள். வெட்டிய ஓரம் உருகிக் கெட்டியாகிவிடும். அதன் மேல் ஜிகினா நூல். அதைப் பிள்ளையின் பின்கழுத்தில் வைத்து நாலு பக்கமும் தைத்தால் எப்படி இருக்கும் என்று லேபிள் நெய்கிறவருக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கத்தான் இல்லை.

மஹ்னூர் புதுச் சட்டையைப் போட்டாள், கழற்றினாள், கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கட்டாயப்படுத்திப் போட்டுவிட்டதில் கழுத்தைச் சொறிந்து சொறிந்து ரத்தம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளையாயிருந்தால் தொலைகிறது என்று விடலாம். இவளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு, திருப்பிப் போட்ட பனியனோடு வாசலில் வந்து நிற்பாள். "இப்படியே போறேங்கத்தா" என்பாள். அதைப் பார்த்து ஷமீமா உள்ளே போய் அழுதாள். பசீர் அகமது கோபமாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

உலகத்துக்கெல்லாம் உடுத்தத் தருகிற ஊரில் ஒரு பிள்ளைக்குச் சட்டை கிடைக்காமலா போகும்? சிநேகிதர்கள் கம்பெனிகளில் ஏறி இறங்கி, யூனிபார்மின் அதே இளநீலத்தில் மூன்று ரகத் துணியில் மூன்று சட்டை தைத்து வந்தார். மஹ்னூர் ஒவ்வொன்றையும் மேலுதட்டில் தேய்த்துப் பார்த்தாள். ஆர்டர் கொடுக்குமுன் சாம்பிள் பார்க்க வரும் வெளிநாட்டு பையர்கூட அத்தனை நேரம் எடுக்க மாட்டான். முதல் இரண்டையும் தள்ளிவிட்டாள். மூன்றாவதை முகத்தோடு அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

பாடுபட்டதற்குப் பலன் கிடைத்துவிட்டது. பசீர் அகமது அந்தச் சட்டையைக் கம்பெனிக்கு எடுத்துப்போய் என்ன செய்தார் தெரியுமா? லேபிளைத் தைத்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி இருக்குதா?" என்றாள் ஷமீமா.

"லேபிள் இல்லாம எப்படி உடுவாங்க? ரூல்ஸ் இருக்குதில்ல?"

அப்புறம் அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். லேபிள் மேல் மெல்லிய துணி வைத்துத் தைத்தார். ஓரத்தை மட்டும் கத்தரித்தார், கத்தரித்த இடம் இன்னும் மோசமாகக் குத்தியது. கடைசியில் ஷமீமா உட்கார்ந்து, நாலு பக்கத் தையலையும் பிரித்து, நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மகளுக்குப் போட்டுவிட்டாள். மஹ்னூர் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் ஓயாமல் கதை சொன்னாள்.

மூன்றாம் நாள், லீவு முடிந்து வந்த பி.டி. மாஸ்டர் இசக்கிமுத்து கேட்டில் வைத்துக் காலரைத் திருப்பினார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ரூல்ஸ் என்றால் ரூல்ஸ். டைரியில் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை முழு யூனிபார்மோடு வர வேண்டும், இல்லையென்றால் பெற்றோர் வந்து டி.சி. வாங்கிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை பசீர் அகமது தாளாளர் தண்டாயுதபாணியைப் பார்க்கப் போனார். அவர் சாயப்பட்டறை வைத்துப் பெரிய ஆளாகி, பிறகு பள்ளிக்கூடம் கட்டியவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க பாய். டீ சாப்புடுங்க. எல்லாம் கேள்விப்பட்டேன்."

"அண்ணா, எம்புள்ளைக்கு மட்டும் அந்த லேபிளை உட்டுக்குடுக்கோணுங்க."

தாளாளர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போட்டார். மஹ்னூர் லேபிள்ஸ் லெட்டர்பேட். எந்தப் பிள்ளைக்கும் விலக்குத் தரக்கூடாது, தந்தால் திட்டமே பாழாகும் என்று போன வருஷம் பசீர் அகமதுவே எழுதிக் கொடுத்திருந்தார். கீழே அவர் கையெழுத்து. மேலே பச்சையில், 'இருப்பதே தெரியாது!'

"நான் சொன்னதில்லீங்க பாய். நீங்க சொன்னது."

"ஆமாங்க."

"ஒருத்தருக்கு உட்டா நாளைக்கு நாப்பது பேரு வந்து நிப்பாங்க. சின்னப்புள்ளைங்க நாலு நாளைக்கு அழுவும், அப்பறம் பழகீரும். லேபிள் குத்துதுன்னு எங்கயாச்சும் கேட்டிருக்கறீங்களா? நீங்க லேபிளுக்குள்ளயே இருக்கறவரு. உங்களுக்குக் குத்துதுங்களா சொல்லுங்க?"

ஏ.சி. அறையில் பசீர் அகமதுவுக்கு வேர்த்தது. இருபத்தாறு வருஷமாகச் சொன்ன பதில் நாக்குநுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் தாளாளர் சிரிப்பார், டீயைக் குடித்துவிட்டு எழுந்து போகலாம். ஆனால் திங்கட்கிழமை காலையில் அந்தப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். சட்டையின் மேல் பட்டன்கள் மூன்றைக் கழற்றினார். பனியனின் தையலெல்லாம் வெளியே தெரிந்தது.

"குத்துமுங்கண்ணா" என்றார்.

தாளாளர் அந்தத் திருப்பிப் போட்ட பனியனைப் பார்த்துவிட்டு, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "லேபிள்காரன் லேபிளை வெளிய காட்டோணும், அதானுங்களே? எத்தன தடவ சொல்லியிருக்கறீங்க!"

"அது சும்மா சொன்னதுங்க."

"நீங்க பெரிய ஆளு பாய்."

"அண்ணா, சிரிக்காதீங்க. சின்னதுலயிருந்தே எனக்குக் குத்தும். எங்கத்தா அடிச்சுப் போட்டு உடுவாரு. பழகுலீங்க, மறைச்சுக்கத்தான் பழகுனேன். ஜோக்குன்னு சொல்லிட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டிருந்தேன். சொல்லிச் சொல்லி எனக்கே மறந்துபோச்சுங்க."

சிரிப்பு நின்றது. தாளாளர் கஞ்சிக் காலருக்குள் விரலை விட்டு ஒருதரம் சுழற்றிக்கொண்டார். பிறகு, "வாயில சொல்றத நான் யாருகிட்டக் காட்டறது? அதே லெட்டர்பேட்ல எழுதிக் குடுங்க" என்றார்.

பசீர் அகமதுவின் பையில் எப்போதும் நாலு லெட்டர்பேட் தாள் இருக்கும். ஒன்றை எடுத்து வைத்து எழுதினார். 'பொருள்: லேபிள் குத்துவது தொடர்பாக. ஐயா, எங்கள் நிறுவனம் நெய்து கொடுத்த லேபிள் கழுத்தில் குத்துகிறது. எனக்கும் குத்துகிறது, என் மகளுக்கும் குத்துகிறது. ஆகவே குத்துகிற பிள்ளைகளுக்கு அதை எடுத்துவிட அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.' எழுதி முடித்துப் படித்துப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, தலையில் அச்சடித்த அந்தப் பச்சை வரியைத் தவிர. அதை அடிக்கலாமா என்று பேனாவைக் கொண்டுபோனார். அப்புறம் விட்டுவிட்டார். தாளாளர் ஓரத்தில் 'அனுமதி' என்று கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்றை அவர் கையில் கொடுத்தார்.

வீட்டில் வந்து சொன்னபோது ஷமீமா ஆச்சரியப்படவே இல்லை. "பத்து வருஷமா உங்க துணியத் தொவைக்கறேன். எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லுல?"

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். இத்தன நாளாகும்னு நெனைக்கலீங்க."

திங்கட்கிழமை அவரே மஹ்னூரை ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். முன்னால் நின்றுகொண்டு வந்தவள், பாலம் தாண்டும்போது திரும்பி, "அத்தா, உங்களுக்கும் குத்தும்னு அம்மா சொன்னாங்க. நெசமாவா?" என்றாள்.

"ஆமா கண்ணு. குத்தும்."

"ரொம்பவா?"

"ரொம்ப."

அவள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட மாதிரி முன்னால் திரும்பிக்கொண்டாள்.

கேட்டில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இசக்கிமுத்து ஒவ்வொரு காலராகத் திருப்பிக்கொண்டிருந்தார். மஹ்னூர் முறை வந்தபோது அவள் நீட்டிய தாளைப் பார்த்தார், "சரி, உள்ள போ தாயி" என்றார். பிறகு பசீர் அகமதுவின் பக்கமாக வந்து தாழ்ந்த குரலில், "சார், அந்த லெட்டர்ல ஒரு காப்பி கிடைக்குமா? எங்க வீட்டுலயும் ஒருத்தன் அழுதுக்கிட்டு இருக்கான்" என்றார். போன வாரம் சிவப்பு மையில் எழுதியவர் இவர்தான்.

பசீர் அகமது வரிசையைப் பார்த்தார். அநேகம் பிள்ளைகள் கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் கைக்குட்டையைச் செருகியிருந்தார்கள். ஜூன் மாசத்திலிருந்தே தெருவில் போகும் பிள்ளைகளிடம் அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வேர்வைக்கு வைத்திருக்கிறார்கள், சுத்தமான பிள்ளைகள் என்று நினைத்திருந்தார்.

உள்ளே போன மஹ்னூர் எதையோ மறந்தவள் போல் கேட் கம்பிவரை திரும்பி வந்தாள். அவளும் அந்தக் கைக்குட்டைகளைத்தான் பார்த்திருக்கிறாள்.

"அத்தா, உங்களுக்குக் குத்தும்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் கண்ணு."

"அப்பறம் எதுக்கு எல்லாப் புள்ளைங்களுக்கும் லேபிள் வெச்சீங்க?"

மணி அடித்தது. அவள் நகரவில்லை, பதிலுக்காக நின்றாள். பசீர் அகமதுவுக்கு வாயில் வந்தது அந்தப் பழைய ஜோக்கு ஒன்றுதான். அதை விட்டுவிட்டு, மற்ற பிள்ளைகளுக்கும் எழுதிக் கொடுக்கப் பையிலிருந்த லெட்டர்பேட் தாள்களை எடுத்தார்.