நிற்கத் தெரியாத சாக்ஸபோன்

1

இந்தக் கதை என் காலில் பிறந்தது. போனில் பேசும்போது எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். "உக்காந்து பேசுனா வாய் தொறக்காதாங்க?" என்றாள் மனைவி. இதே கோளாறு ஒரு சாக்ஸபோன்காரனுக்கு இருந்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. உடனே எழுத உட்கார்ந்தேன். (ஆமாம், உட்கார்ந்துதான்.)

முதல் தொடக்கம்: "1938ஆம் வருடம், தர்மபுரியில் அடைமழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு..."

(தர்மபுரியில் அடைமழையா? எங்கள் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள்.)

இரண்டாவது: "முனிராஜின் இசை என்பது காலத்துக்கும் வெளிக்கும் இடையே நிகழும்..."

(எனக்கே கொட்டாவி வந்தது.)

2

நேராகவே சொல்லிவிடுகிறேன். வருடம் அதே 1938தான். முனிராஜுக்கு இருபது வயது. காளியப்பன் நடத்திய பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசித்தான். கல்யாண ஊர்வலங்களில் நடந்தபடியே கற்றுக்கொண்ட வாத்தியம் என்பதால், அடி எடுத்து வைத்தால்தான் அவனுக்கு வாசிப்பு வரும். ஒருமுறை பெங்களூரில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டுப் பகுதியில் ஓர் ஓட்டலுக்கு வாசிக்கப் போனவன், அங்கே ஜாஸ் இசைத்தட்டுகளைக் கேட்டான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் விடவேயில்லை. ஊர்வலத்தில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டை எடுத்து, வளைத்து, எங்கேயோ கொண்டுபோய்த் தொலைத்துவிட்டு, மெதுவாகத் தேடிக்கொண்டு வருவான்.

"மாப்ள வூடே வந்துருச்சு, உன் பாட்டு இன்னும் பொறப்பட்ட இண்டூர்லயே நிக்குதேடா!" என்பார் காளியப்பன். திட்டுவாரே தவிர, நிறுத்தச் சொன்னதில்லை.

துணைக்கு, சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கும் தெரசாவைக் கொண்டுவந்தேன். காதல் வைக்கலாம் என்பது என் திட்டம். வந்ததும் வராததுமாக அவள், "என்னா சுருதிண்ணா?" என்று கேட்டுவிட்டாள். அண்ணா! என் திட்டம் அதோடு சரி.

3

உள்ளூர் வாத்தியக்காரர்களைப் பதிவுசெய்ய ஓர் ஒலிப்பதிவுக் கம்பெனி தர்மபுரியில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்தது. (அவர்கள் ஏன் இங்கே வரவேண்டும் என்று கேட்காதீர்கள். பெங்களூர் ஸ்டுடியோ எனக்குத் தெரியாது, இந்தப் பங்களா தெரியும்.) சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் ஜமுக்காளம் தொங்கியது. முனிராஜின் வாசிப்பைப் பதிக்க ஒதுக்கியது இரண்டு மெழுகுத் தட்டுகள். தேறுவதை இசைத்தட்டு அச்சடிக்கும் ஃபாக்டரிக்கு அனுப்புவார்கள். அங்கே பிடித்துவிட்டால் இசைத்தட்டு வெளிவரும், பெங்களூர் ஓட்டலின் ஜாஸ் குழுவில் இடமும் கிடைக்கும். பிடிக்காவிட்டால் பழையபடி ஊர்வலம்தான்.

முதல் தட்டு. கண்ணை மூடி வாசித்தான். கால் தன்பாட்டுக்கு நடந்தது. சத்தம் ஜன்னல்வரை போய்த் தேய்ந்து, திரும்பி வந்து மைக்கின் மேல் விழுந்தது.

"மைக்கு இங்க இருக்குதப்பா, நீ எங்க போற?" என்று கத்தினார் ஒலிப்பதிவாளர் மாதப்பன்.

இரண்டாவது தட்டுக்குக் காளியப்பனே தரையில் உட்கார்ந்து, அவன் கணுக்கால்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். (இந்தக் காட்சியை எடுத்துவிடச் சொன்னார் ஒரு நண்பர். மாட்டேன்.) ஒரு சுரம் பிசகவில்லை. மாதப்பன் முகம் மலர்ந்தது. தெரசா மட்டும் ஆர்மோனியத்தை மூடிவிட்டு, "தப்பே இல்லண்ணா. ஆனா நீங்க வாசிச்ச மாதிரியே இல்ல" என்றாள்.

முனிராஜ் தன் வாசிப்பை ஒருநாளும் வெளியிலிருந்து கேட்டதில்லை. "ஒருக்கா போட்டுக் காட்டுங்க சார்" என்று கெஞ்சினான்.

"மெழுகுல ஊசி வச்சா பதிஞ்சது அழிஞ்சிரும்பா. ஒண்ணு வேணா கேட்டுக்க. கேட்டது அதோட போச்சு. இன்னொண்ணுதான் ஃபாக்டரிக்குப் போவும். எதைப் போடட்டும்?"

4

முடிவு அ: நின்று வாசித்ததைக் கேட்கிறான். நடந்து வாசித்தது ஃபாக்டரிக்குப் போகிறது. மைக் கோளாறு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவன் ஊர்வலத்துக்கே திரும்புகிறான்.

முடிவு ஆ: நடந்து வாசித்ததைக் கேட்கிறான். மற்றது தேறி, ஓட்டலில் நாற்காலி கிடைக்கிறது. தலை நரைக்கும்வரை அதில் உட்கார்ந்து, ஒரு பிசகும் இல்லாமல், ஒவ்வொரு மாலையும் அவன்...

(எழுத மனம் வரவில்லை. அந்தப் பயல்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்துவிட்டது.)

இரண்டு தட்டும் பிழைக்கிற முடிவு ஒன்றும் எழுதிப் பார்த்தேன். மாதப்பன் ஒத்துக்கொள்ளவில்லை.

முனிராஜ் ஒரு தட்டைக் கைகாட்டிவிட்டான். எதை என்று எனக்குத் தெரியவில்லை, மாதப்பன் முதுகு மறைத்துவிட்டது. ஊசி இறங்கியது. என்னால் கேட்க முடியாது என்று காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கதவு இடுக்கில் தெரசா மட்டும் தெரிந்தாள். அவள் தட்டைப் பார்க்கவில்லை. முனிராஜின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணில் நீர் வழிந்தது.

நீங்கள் இன்னும் உள்ளேதானே இருக்கிறீர்கள். அவன் காலைக் குனிந்து பார்த்துச் சொல்லுங்கள், எந்தத் தட்டு ஓடுகிறது என்று அதுவே காட்டிவிடும். நிற்கிறானா, நடக்கிறானா?